பரிசல் வத்தையான கதை

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்கு அருகில் கடற்கரைக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருக்கும் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஒகேனக்கல் பக்கத்துச் சிறுவன் ஒருவன், காய்ச்சலில் கிடக்கும் தங்கைக்கு மருந்து வாங்குவதற்காகத் தாய்மாமனோடு பரிசலில் ஆற்றைக் கடக்கிறான். நடு ஆற்றில் சுழல் பிடிக்கிறது, துடுப்பு நழுவிவிடுகிறது, இருவரும் கையாலேயே தண்ணீரைத் தள்ளிக் கரை சேர்கிறார்கள். நான்கு நாள் கழித்து அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது பரிசல், எங்கள் கரையில் கடலுக்குப் போகும் படகான வத்தையாகியிருந்தது. தாய்மாமன் அப்பாவாகியிருந்தார். சுழலின் இடத்தில் வாடைக்காற்று அடித்தது. ஒரு சிறுமி, துடுப்பு நழுவியதை விட்டுவிட்டு, இன்ஜின் நின்றுபோனதாகவும் வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்துச் சென்றதாகவும் சொல்லியிருக்கிறாள். 'இது மறதியா, கவனக்குறைவா? நாங்கள் தேர்வுக்காகப் படித்த ஸ்கீமாவுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?' என்பது அவருடைய கேள்வி.

தொடர்பு உண்டு. ஸ்கீமா என்பது, முன்பே அறிந்ததைக் கொண்டு புதியதைப் புரிந்துகொள்ள மனம் வைத்திருக்கும் அமைப்பு. நீங்கள் மனப்பாடம் செய்து எழுதிய அந்தச் சொல்லுக்கு உங்கள் வகுப்பே விளக்கம் சொல்லியிருக்கிறது. அந்தச் சிறுமி கதையைக் கவனிக்காமல் விட்டவள் அல்லள். கவனித்ததால்தான், நடுக்கடலில் கதியற்று நிற்கும் ஒரு படகுக்கு நம் கரையில் என்ன நடக்குமோ அதை உரிய இடத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். நான் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் 26 ஆண்டுகள் கல்வி உளவியல் நடத்தியவன், சொந்த ஊர் பாம்பன். இந்தப் பாடத்தை இதைவிட நல்ல எடுத்துக்காட்டோடு நான் ஒருமுறையும் நடத்தியதில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ஏறத்தாழ இதே சோதனையைச் செய்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் பார்ட்லெட். 1932இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டார் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, சிறிது நேரம், சில நாட்கள், சில மாதங்கள், சிலரிடம் ஆண்டுகள் என இடைவெளி விட்டுத் திருப்பிச் சொல்லச் செய்தார். கதையில் இரண்டு இளைஞர்கள் கடல்நாய் வேட்டைக்காக ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். மரத்தோணியில் வரும் போர்வீரர்கள் அவர்களைச் சண்டைக்கு அழைக்கிறார்கள். உடன்சென்ற ஒருவன் அடிபட்டும் வலி உணராமல் வீடு திரும்பி, மறுநாள் சூரியன் உதிக்கும்போது வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிவர இறந்துபோகிறான். திருப்பிச் சொன்னவர்களிடம் மரத்தோணி வெறும் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று, வாயிலிருந்து வந்த கறுப்புப் பொருள் சிலருக்கு நுரையாயிற்று. கதையில் வரும் ஆவிகள் பலருடைய நினைவிலிருந்து சத்தமில்லாமல் நழுவிவிட்டன. புரியாதது விடுபட்டது, விடுபட்ட இடத்தில் அவர்களுடைய ஊரில் புழங்கும் ஒன்று வந்து உட்கார்ந்தது. அங்கே வேட்டை மீன்பிடிப்பானதும் மண்டபத்தில் பரிசல் வத்தையானதும் ஒரே வேலைதான்.

இந்த வேலையைச் செய்யும் மன அமைப்புக்குத்தான் பார்ட்லெட் ஸ்கீமா என்ற பெயரைப் பயன்படுத்தினார். உடலின் நிலையை மூளை எப்படி அறிந்துகொண்டே இருக்கிறது என்று ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட்டிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டே, அந்தச் சொல் தமக்குச் சற்றும் பிடிக்கவில்லை என்றும் எழுதிவைத்தார். எனக்கும் நம் பாடப்புத்தகங்களில் அது கையாளப்படும் விதம் பிடிப்பதில்லை, ஏனென்றால் மனத்துக்குள் அடுக்கிவைத்த பெட்டி போன்ற ஒன்றாகப் பிள்ளைகள் அதை எண்ணிக்கொள்கிறார்கள். நான் மனச்சட்டகம் என்று சொல்லிவருகிறேன். அதை வலையைப் போல நினைத்துக்கொள்வது ஓரளவு பொருந்தும்: வலையின் கண்ணளவு எதுவோ அதற்கேற்ற மீன்தான் மடியில் நிற்கும். ஆனால் வலை, சிக்காத மீனைத் தானே செய்து மடியில் போட்டுக்கொள்வதில்லை. மனச்சட்டகம் அதையும் செய்யும். உவமை அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது.

சட்டகம் என்றால் என்ன என்பதைக் கரை ஏலத்தை வைத்துச் சொல்கிறேன். 'இன்றைக்கு ஏலத்தில் எல்லாம் காரல்தான், டீசல் காசுகூடத் தேறவில்லை' என்று ஒருவர் சொன்னால், நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் அதன் பொருள் முழுதாகப் புரியும். விலைமீன், நண்டு, இறால் எதுவும் படவில்லை; காரலுக்கு விலை குறைவு; கடலுக்குப் போய்வந்த செலவே நட்டம்; ஆகவே இன்று வீட்டில் பணம் கேட்கக் கூடாது. இவற்றில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. ஏலம் என்ற சட்டகத்துக்குள் விற்பவர், வாங்குபவர், மீன், விலை, செலவு, மிச்சம் என்று காலியிடங்கள் இருக்கின்றன. சொல்லப்பட்ட இரண்டைக் கொண்டு மற்றவற்றைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். அதே வாக்கியத்தைக் கோவையிலோ சேலத்திலோ உள்ள ஒருவரிடம் சொன்னால் சொல்லுக்குச் சொல் தமிழாகவே இருக்கும், பொருள் மட்டும் சேராது.

ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972இல் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். பொருட்களை வகைவகையாகப் பிரிக்க வேண்டும், ஒரே தடவையில் அதிகம் போடக் கூடாது, முடிந்தபின் மறுபடியும் பிரித்து உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்ற போக்கில் ஒரு பத்தி. ஒவ்வொரு வாக்கியமும் எளிமையானது, ஆனால் முழுப் பத்தியும் பிடிபடாது. துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது, நினைவிலும் நின்றது. படித்து முடித்த பிறகு அதே தகவலைச் சொன்னபோது பயன் கிடைக்கவில்லை. பாடத்தின் சாரத்தைக் கடைசியில் சொல்லி முடிக்கும் வழக்கம் நம் ஆசிரியர்களிடம் மிகுதி என்பதால், இந்த முன்பின் வேறுபாட்டை நான் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. சட்டகம் முன்னால் வர வேண்டும். மீன் போன பிறகு வலை விரித்துப் பயனில்லை.

நிரப்பிக்கொள்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நிரப்பியது எது, கண்டது எது என்று பிற்பாடு நமக்கே பிரித்தறியத் தெரிவதில்லை. 1981இல் புருவர், டிரெயன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் அலுவலக அறைபோல அமைத்த ஓர் அறையில் மாணவர்களைச் சிறிது நேரம் காத்திருக்கச் செய்தார்கள். பிறகு வெளியே அழைத்துவந்து அறையில் இருந்தவற்றை எழுதச் சொன்னார்கள். மேசையும் நாற்காலியும் பெரும்பாலோர் நினைவில் இருந்தன. ஆனால் அங்கு இல்லவே இல்லாத புத்தகங்களையும் சிலர் எழுதினார்கள். ஆராய்ச்சி மாணவரின் அறையென்றால் புத்தகம் இருக்க வேண்டுமே. அவர்கள் பொய் சொல்லவில்லை. புத்தகங்களைக் 'கண்டதாகவே' அவர்களுக்கு நினைவு.

எங்கள் வீட்டில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலின்போது என் பெரியம்மா தங்கச்சிமடத்தில் இருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது அவர் சொன்ன கதையில் ஓலைக்கூரை பறந்தது, கோயில் திண்ணையில் ஒண்டியது, விடியும்வரை ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தது ஆகியவை மட்டுமே இருந்தன. அவருக்கு எழுபது வயதானபோது கதையில் ரயிலின் ஊதல் சேர்ந்திருந்தது: தனுஷ்கோடி போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலை அன்றிரவு கடல் கொண்டுபோனது நாடறிந்த செய்தி. அந்தக் காற்றில், அவ்வளவு தொலைவில், ஊதல் சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வழியே இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் செய்தித்தாளிலும் பிறர் பேச்சிலும் அந்தப் புயல் என்றால் அந்த ரயில் என்றாகிவிட்ட பிறகு, ரயில் இல்லாத புயல் நினைவு அவருக்கே குறைப்பட்டதாகத் தோன்றியிருக்கும். ஆட்டுக்குட்டி, பிற்காலத்தில், கதையிலிருந்து காணாமல் போய்விட்டது. எனக்கு அதில்தான் வருத்தம்.

ஊர் மாறினால் சட்டகம் மாறும் என்பதற்கு 1979இல் ஸ்டெஃபன்சனும் அவருடைய உடனாய்வாளர்களும் செய்த ஆய்வு நமக்கு நெருக்கமானது. இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் விவரிக்கும் இரண்டு கடிதங்களை, அமெரிக்காவில் இருந்த இந்தியர்களும் அமெரிக்கர்களும் படித்தார்கள். தம் மரபின் திருமணத்தை ஒவ்வொருவரும் விரைவாகப் படித்தார்கள், அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். அயல் திருமணத்தைத் திருப்பிச் சொல்லும்போது பொருளைத் திரித்தார்கள். மணப்பெண் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்பது அமெரிக்கருக்குப் பெருமைக்குரிய செய்தி. இந்தியர் ஒருவருக்கோ, பெண் பார்க்க நன்றாக இருந்தாலும் உடை பழையது என்று நினைவில் பதிந்தது. கல்யாணப் பெண்ணுக்குப் புதுப்பட்டு எடுக்காத வீட்டைப் பற்றி நம் உறவினர்கள் என்ன பேசுவார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பே இராது. வாசிப்புத் தேர்வில் நம் பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணில் எவ்வளவு மொழித்திறன், எவ்வளவு சட்டகம் என்று பிரித்துப் பார்க்காமல் 'வாசிக்கத் தெரியவில்லை' என்று எழுதிவிடுவது எவ்வளவு அவசரமான தீர்ப்பு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனிக் குழந்தைக்கு வருவோம். சட்டகம் இருக்கிறது சரி, அது எங்கிருந்து வருகிறது, எப்படி வளர்கிறது என்று கேட்டவர் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே. பாரிசில் சிறுவர்களுக்கான அறிவுத்திறன் சோதனைகளோடு வேலை செய்தபோது, பிள்ளைகள் எத்தனை விடைகளைச் சரியாகச் சொன்னார்கள் என்பதைவிட, ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறுகளைச் செய்கிறார்களே, அது ஏன் என்பதில்தான் அவர் மனம் நின்றது. பிறகு தம் மூன்று பிள்ளைகளையும் பிறந்த நாள் முதல் உற்றுப் பார்த்து எழுதினார். அவர் பார்வையில் கைக்குழந்தையின் முதல் சட்டகங்கள் எண்ணங்கள்கூட அல்ல, செயல்கள்: சப்புவது, பிடிப்பது, உதறுவது. கையில் கிடைத்த கிலுகிலுப்பையும் சப்பப்படும், அப்பாவின் செல்போனும் சப்பப்படும், கருவாட்டுத் துண்டும் சப்பப்படும். புதியதைப் பழைய சட்டகத்துக்குள் இழுத்துக்கொள்ளும் இந்தச் செயலுக்குத் தன்வயப்படுத்தல் என்று பெயர். ஒரு நாள் அது செல்லுபடியாகாது. பெரிய பந்து வாய்க்குள் போகாது, வாயை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். சட்டகமே தன்னை மாற்றிக்கொள்வது இணங்குதல். குழந்தை வளர்வது இந்த இரண்டுக்கும் இடையில் நடக்கும் ஓயாத இழுபறியில்தான்.

நம் கரையில் ஒரு குழந்தை, கடல்பசு எனப்படும் ஆவுளியாவை முதன்முதலில் பார்க்கும்போது என்ன சொல்லும்? மீன் என்றுதான் சொல்லும். கடலில் இருக்கிறது, வாலடித்து நீந்துகிறது, துடுப்பும் இருக்கிறது. 'மீனில்லை' என்று நாம் சொன்னால் அது ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. அதனிடம் உள்ள சட்டகத்தின்படி அந்த விடை சரி. ஆவுளியா மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும், குட்டிக்குப் பால் கொடுக்கும், கடற்புல்லை மேயும் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது மீன் என்ற சட்டகம் திணறத் தொடங்கும். முதலில் 'பால் கொடுக்கிற மீன்' என்று குழந்தை ஒரு சமாதானம் செய்துகொள்ளும். அந்தச் சமாதானத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பியாஜேயைக் கேட்டால், அந்தக் குழந்தை அன்று அந்த வீட்டிலேயே கடினமான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது என்பார். கடல்பசு என்று பெயர் வைத்த பெரியவர்களும் அதே திணறலுக்கு ஒரு வழி கண்டவர்கள்தானே.

பெரியவர்களுக்கும் இணங்குதல் உண்டு, ஆனால் தாமதமாக வரும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது இரண்டு கைகளை மேலே தூக்குவதுபோல் இருபுறமும் விரிந்துவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே கிடைமட்டமாக மேலே ஏறும். அண்மையில் ஒரு வீட்டில் பேரனையும் தாத்தாவையும் புதிய பாலத்தை வரையச் சொன்னேன். பேரன் மின்தூக்கிபோல ஏறும் பாலத்தை வரைந்தான். அதே பாலத்தைக் கரையிலிருந்து நாள்தோறும் பார்க்கும் தாத்தாவோ, புதிய பாலத்தின் உயரமான கோபுரங்களை வரைந்து, அவற்றின் நடுவே இரண்டு கைகள் விரியும்படி வரைந்திருந்தார். கண்ணால் கண்டது போதவில்லை. 60 ஆண்டுப் பழக்கம் பென்சிலைப் பிடித்துக்கொண்டது.

பியாஜே சொன்ன வளர்ச்சி நிலைகளை, பிறப்பு முதல் 2 வயது வரை, 2 முதல் 7 வரை என்று, நீங்கள் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். அவற்றை நான் விரிக்கப்போவதில்லை. அந்த வயதுக் கோடுகள் அவர் நினைத்த அளவுக்கு உறுதியானவை அல்ல. மறைத்துவைத்த பொருள் இன்னும் இருக்கிறது என்ற அறிவு ஏறத்தாழ எட்டு மாதத்துக்குப் பிறகே தோன்றத் தொடங்குகிறது என்றார் அவர். ரெனே பயர்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், மறைந்த பெட்டியின் ஊடே ஒரு பலகை தடையின்றிச் சாய்வதுபோல் காட்டியபோது ஐந்து மாதக் குழந்தைகளே நெடுநேரம் உற்றுப் பார்த்தன. கையால் தேடி எடுக்க இயலாத வயதிலேயே, இது நடக்கக் கூடாதே என்ற எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. நிலைகளின் வயதுக் கணக்கு ஆட்டங்கண்டாலும், தன்வயப்படுத்தலும் இணங்குதலும் என்ற கருத்து நிற்கிறது. தேர்வுகளோ வயதுக் கணக்கைத்தான் கேட்கின்றன.

பள்ளிப் பருவத்தில் இந்த இழுபறி எப்படி இருக்கும் என்பதற்கு நான் அறிந்தவற்றில் அழகான சான்று, பூமியின் வடிவம் பற்றியது. ஸ்டெல்லா வொஸ்னியாடுவும் வில்லியம் புருவரும் 1992இல் அமெரிக்கத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 60 பேரிடம் விரிவாகக் கேள்வி கேட்டார்கள். 'பூமி உருண்டை' என்று பெரும்பாலோர் ஒப்பித்தார்கள். மேற்கொண்டு, நேராக நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவாய், விளிம்பு இருக்கிறதா, விழுந்துவிடுவாயா என்று கேட்கக் கேட்க வேறொன்று தெரிந்தது. ஒரு பிள்ளைக்குப் பூமி தோசைபோல் வட்டமான தட்டு. சிலருக்கு இரண்டு பூமிகள்: நாம் நிற்பது தட்டையானது, பாடத்தில் வருவது வானத்தில் இருக்கும் உருண்டை. இன்னும் சிலருக்குப் பூமி உள்ளீடற்ற உருண்டை, அதன் உள்ளே தட்டையான தரையில் நாம் வாழ்கிறோம். நிலம் தட்டை, ஆதாரமில்லாத பொருள் கீழே விழும் என்ற அனுபவச் சட்டகத்தை விட்டுக்கொடுக்காமல், ஆசிரியர் சொன்ன 'உருண்டை'யையும் காப்பாற்றுவதற்குப் பிள்ளைகள் தாமே கட்டிய சமரசங்கள் இவை. பின்னர் ஹைதராபாத் பிள்ளைகளிடம் இதே வகை ஆய்வு நடந்தபோது, பூமி நீரின்மேல் இருப்பதாகச் சொன்ன பிள்ளைகளும் இருந்தார்கள். கேட்டு வளர்ந்த கதைகளிலிருந்து அந்த நீர் வந்திருக்க வேண்டும்.

இதைப் படித்த ஆண்டில் தனுஷ்கோடிச் சாலையோரக் குடியிருப்புப் பிள்ளைகள் சிலரிடம் நானும் பேசிப் பார்த்தேன். ஆய்வு என்று சொல்லத்தக்கதல்ல; சுக்குக்காப்பிக் கடை வாசலில் நடந்த பேச்சு. தொலைவில் போகும் கப்பலின் உடல் முதலில் மறைந்து மேற்பகுதி கடைசியில் மறைவதைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். பார்த்திருந்தார்கள். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, 'தூரத்துல அலை பெருசு, அது மறைக்கும்' என்றான் ஒருவன். நம் பாடநூல்கள் பூமி உருண்டை என்பதற்குச் சான்றாகக் காட்டும் காட்சி அவன் கண்முன்னால் நாள்தோறும் நடக்கிறது. அவன் சட்டகத்தில் அது அலைக்குச் சான்று. கண்ணால் காட்டினால் பிள்ளை புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போயிற்று.

சட்டகம் எந்தச் சூழலில் உருவானதோ அந்தச் சூழலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் ஆசிரியர்கள் மறக்கக் கூடாது. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காயும் பிறவும் விற்ற சிறுவர்களிடம் கராஹர், ஷ்லீமன் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளராகப் போய்ப் பத்துத் தேங்காய் என்ன விலை என்பதுபோல் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக வந்தது. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான். அக்னி தீர்த்தக் கரையில் சங்குமாலைக் கடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதிச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் பிள்ளை, வகுப்பில் கடன்வாங்கிக் கழிப்பதில் திணறுவதை நம் ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கணக்குச் சட்டகம் அதனிடம் இருக்கிறது. பள்ளிக் கணக்குக்குள் வரும் வாசல்தான் அதற்குத் தெரியவில்லை.

ஆண், பெண் என்ற சட்டகமும் இப்படித்தான் நினைவைத் திருத்துகிறது. 1983இல் மார்ட்டின், ஹால்வர்சன் இருவரும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் படங்கள் காட்டி ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வழக்கத்துக்கு மாறான வேலையைச் செய்யும் படங்களில் இருந்தவரின் பாலைப் பிள்ளைகள் மாற்றி நினைவுகூர்ந்தார்கள். மரம் அறுத்த பெண்பிள்ளை நினைவில் பையனாகிவிட்டாள். கடலில் முக்குளிப்பவர் என்றால் உள்நாட்டுப் பிள்ளை ஆணைத்தான் வரையும். சின்ன ஏர்வாடியிலோ சின்னப்பாலத்திலோ, கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கிக் கடற்பாசி எடுத்துவரும் அம்மாவையும் ஆச்சியையும் பார்த்து வளரும் பிள்ளை அப்படி வரையத் தேவையில்லை. ஆனாலும் அங்கேயே ஒரு பள்ளியில் 'கடலில் தொழில் செய்பவர்' என்று படம் வரையச் சொன்னபோது பெரும்பாலான பிள்ளைகள் படகில் நிற்கும் ஆணைத்தான் வரைந்ததாக ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார். வீட்டில் கண்டதைப் பாடப்புத்தகப் படம் மூடிவிட்டது போலும்.

சட்டகத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் முதல் நாளாக இருக்கும். சேஸும் சைமனும் 1973இல் காட்டியதுபோல், சதுரங்க வல்லுநர் உண்மையான ஆட்டப் பலகையைச் சில நொடி பார்த்தே காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தால் அவரும் புதியவரும் ஏறத்தாழ ஒன்றுதான். அவரிடம் கூடுதலாக இருப்பது ஞாபகசக்தி அல்ல, ஆட்டம் பற்றிய சட்டகம். கடல் நீரோட்டமான நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீரின் நிறம் ஏன் கலங்கியிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லும் மூத்த மீனவரிடம் இருப்பதும் அதுவே. தெரிந்தவரிடம் புதியது எளிதாக ஒட்டும் என்பதற்கு மூளையிலும் சான்று உண்டு: 2007இல் எடின்பரோ ஆய்வகத்தில், எந்தச் சுவைக்கு எந்த இடத்தில் இரை என்ற வரைபடத்தைப் பல வாரங்களில் கற்றுக்கொண்ட எலிகள், அதே களத்தில் புதிய இணைகளை ஒரே தடவையில் கற்றன, இரண்டு நாளில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியை நீக்கிய பிறகும் அந்தப் புதிய நினைவு அழியாமல் இருந்தது.

ஒரே காட்சி, இரண்டு சட்டகங்கள் என்றால் உயிரே அதில் தங்கியிருக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோது, பல நாடுகளின் கரைகளில் மக்கள் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமுலு தீவில், 1907 பேரலையின் நினைவை 'ஸ்மோங்' என்ற ஒரு சொல்லில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கடத்தியிருந்தார்கள்: நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். பாம்பன், இராமேசுவரம் பக்கம் கடல் உள்வாங்குவது அவ்வப்போது நடக்கும் சாதாரணச் செய்தி. இலங்கை மறைவாக நின்றதால் அன்று நம் மாவட்டம் பெரிதும் தப்பியது. 'இது வழக்கம்தான்' என்ற சட்டகம் நம்மிடம் ஊறியிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு நில அதிர்வையும் உள்வாங்கலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பிள்ளையின் சட்டகத்தைப் பற்றிப் பேசும்போது ஆசிரியரின் சட்டகத்தையும் பேசியாக வேண்டும். 1983இல் டார்லி, கிராஸ் இருவரும், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேள்விகளுக்கு விடை சொல்லும் ஒரே காணொளியை இரு குழுக்களுக்குக் காட்டினார்கள். அவள் வசதியான வீட்டுப் பிள்ளை என்று நம்பவைக்கப்பட்டவர்கள் அவள் திறமையைக் கூடுதலாகவும், ஏழைவீட்டுப் பிள்ளை என்று நம்பவைக்கப்பட்டவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். இரு சாராரும் தங்கள் மதிப்பீட்டுக்கு அந்தக் காணொளியிலிருந்தே சான்று காட்டினார்கள். 'கடற்கரைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்ற சொல்லை ஆசிரியர் அறைகளில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தச் சட்டகத்தோடு கேட்பவர் காதில், இன்ஜின் நின்றுபோன கதை கவனக்குறைவாகத்தான் விழும்.

உங்கள் வகுப்புக்குத் திரும்புகிறேன். பிள்ளைகள் சொன்னதைத் தவறென்று சொல்லிக் கதையை மறுபடி ஒப்பிக்கச் செய்ய வேண்டாம்; மறுபடியும் வத்தைதான் வரும், அல்லது பொருளில்லாத 'பரிசல்' என்ற ஒலி வரும். அவர்களுடைய வத்தையிலிருந்தே தொடங்குங்கள். வத்தையைப் பலகையில் வரையச் சொல்லி, முன்பக்கமான அணியம் எது, பின்பக்கம் எது என்று குறிக்கச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பிறகு ஒரு பரிசலின் படத்தைக் காட்டி, இதற்கு அணியம் எது என்று கேளுங்கள். வட்டமாக இருக்கும் ஒன்றுக்கு முன் ஏது, பின் ஏது? வகுப்பு சிறிது நேரம் அடங்கிப்போகும். யாராவது ஒரு பிள்ளை, 'அப்ப அது எந்தப் பக்கம் போகும், டீச்சர்?' என்று கேட்கும். விடையை உடனே சொல்லிவிடாமல், சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பெரிய அலுமினியச் சட்டியை வாங்கிவந்து, தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, அந்தப் பிள்ளையின் கையில் ஓர் அகப்பையைக் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் தள்ளினால் சட்டி நின்ற இடத்திலேயே சுற்றும். சுழல் என்றால் என்ன, துடுப்பு நழுவினால் ஏன் பயம் என்பதெல்லாம் அங்கே தொடங்கும். கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.